சாயப்பட்டறை ஈடிபியில் வேலை பார்த்துக்கொண்டே சுற்றுச்சூழல் மேலாண்மை முதுகலை: தொலைதூரத்தில் படிக்கலாமா?

கேட்ட தம்பியின் நிலைமை இது. பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டுத் திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையின் ஈடிபியில், அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், நான்கு வருடமாக லேப் கெமிஸ்ட். வீட்டில் கடன் இருக்கிறது, வேலையை விட முடியாது. சுற்றுச்சூழல் மேலாண்மையில் முதுகலையைத் தொலைதூரக் கல்வியில் படித்தால் மதிப்பு உண்டா, எங்கே சேர்வது, வேலைக்கு உதவுமா, முதலாளியிடம் சொல்லலாமா என்று கேட்கிறார்.

படியுங்கள். இதையே கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒருவர் கேட்டிருந்தால், முடிந்தவரை ரெகுலராகச் சேரப் பாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். ஏனென்றால் இந்தப் படிப்பில் புத்தகத்தில் இருப்பது பாதிதான். மீதிப் பாதி கழிவுநீருக்குள் காற்றூதும் ஏரேஷன் டேங்க் ஓரத்திலும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும் ஃபைலிலும், முதலாளிக்கும் ஆபரேட்டருக்கும் நடுவில் நடக்கும் சண்டையிலும் இருக்கிறது. ரெகுலராகப் படிக்கிறவனுக்கு அதில் கொஞ்சமாவது கல்லூரி லேபும் களப்பயணமும் காட்டும். தொலைதூரத்தில் படிக்கிறவனுக்குக் காட்ட யாரும் இல்லை. உங்களுக்கு யாரும் காட்டத் தேவையில்லை, தினமும் அதற்குள்தான் நிற்கிறீர்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். தினமும் காலையில் ஒரு லிட்டர் சிலிண்டரில் ஏரேஷன் டேங்க் தண்ணீரை எடுத்து அரை மணி நேரம் வைத்து, ஸ்லட்ஜ் என்ற சேறு எவ்வளவு படிந்தது என்று நோட்டில் எழுதுவீர்கள். 600 மி.லி. என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம், நானும் அப்படித்தான் இருந்தேன். எம்.எல்.எஸ்.எஸ். (டேங்க் தண்ணீரில் மிதக்கும் திடப்பொருள், லிட்டருக்கு இத்தனை மி.கி. என்ற கணக்கு) 3000 இருக்கும்போது அந்த 600ஐ அதோடு வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 200 வருகிறது, 150க்கு மேல் போனாலே ஸ்லட்ஜ் உப்பிக்கொண்டு படியாமல் கிளாரிஃபையர் என்ற படிவுத் தொட்டியில் மிதந்து வெளியேறப் பார்க்கும் என்று படித்த அன்றைக்கு ராத்திரி, பழைய நோட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினேன். இரண்டு மாதம் முன்பு எங்கள் பிளான்ட் கெட்டுப்போனதற்குப் பத்து நாள் முன்னாலிருந்தே எண்கள் கத்திக்கொண்டு இருந்திருக்கின்றன. எழுதியது நான்தான், படித்தது யாரும் இல்லை. வேலையில் இருந்துகொண்டு படிப்பதன் லாபம் இதுதான், இதற்குச் சான்றிதழ் கூட வேண்டியதில்லை.

சரி, மதிப்புக்கு வருவோம். சட்டப்படி சிக்கல் இல்லை. யுஜிசியின் 2020ஆம் ஆண்டு திறந்தநிலை, தொலைதூர மற்றும் ஆன்லைன் கல்வி விதிமுறைகளின்படி, அங்கீகாரம் பெற்ற படிப்பை அந்த வழியில் முடித்தால் அது ரெகுலர் பட்டத்துக்குச் சமம். இதில் "அங்கீகாரம் பெற்ற" என்ற சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது. பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் போதாது. அந்தப் படிப்புக்கு, அந்தக் கல்வியாண்டுக்கு, அந்த முறைக்கு அனுமதி இருக்க வேண்டும். யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவான டெப் தன் இணையதளத்தில் பல்கலைக்கழக வாரியாகப் பட்டியல் போடுகிறது. சேர்வதற்கு முன் அதில் படிப்பின் பெயரைத் தேடி, அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்து யாராவது கேட்டால் காட்ட வேண்டியது அதுதான். 2024லிருந்து சேரும் மாணவருக்கும் டெப் ஐடி என்று ஒன்று கட்டாயம், அதற்கு முன்னால் உங்கள் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கான ஏபிசி ஐடி எடுக்க வேண்டும். அதை நீங்களே உங்கள் ஆதாரையும் ஃபோனையும் வைத்து எடுங்கள், "நாங்களே போட்டுத் தருகிறோம் சார்" என்று சொல்கிறவரிடம் ஓடிபி கொடுக்காதீர்கள்.

அந்த "போட்டுத் தருகிறோம்" ஆட்களைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாமல் விட முடியாது. பேருந்து நிலையம் பக்கத்தில், பேக்கரிக்கு மேல் மாடியில், பத்து பல்கலைக்கழகங்களின் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். வேறு மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் தொலைதூரப் படிப்பை இங்கே நடத்துவதாகச் சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். மாநிலப் பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்வியைத் தன் எல்லைக்குள்தான் நடத்தலாம், படிப்பு மையத்தைத் தனியார் கைக்குக் குத்தகை விடவும் கூடாது. முழு ஆன்லைன் படிப்புக்கு இந்த எல்லைக் கணக்கு கிடையாது, ஆனால் ஆன்லைன் படிப்புக்கு மாடிப்படி ஏற வேண்டிய அவசியமே இல்லையே. ஒரே வருடத்தில் முதுகலை, பின்தேதியிட்ட சேர்க்கை என்றெல்லாம் பேசினால் அது போலிச் சான்றிதழ் வியாபாரம். இதில் மாட்டிக்கொண்ட இரண்டு பேரை எனக்கு நேரில் தெரியும், ஒருவர் பதவி உயர்வுக்கு வைத்த சான்றிதழே அவருடைய வேலைக்கு உலை வைத்தது.

இன்னொன்று. எம்.ஈ., எம்.டெக். சுற்றுச்சூழல் பொறியியல் தொலைதூரத்தில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொறியியலைத் தொலைதூர வழியில் கொடுக்கக் கூடாது என்று அதே விதிமுறையில் தடை இருக்கிறது. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதி இல்லாமல் இப்படிக் கொடுத்த பொறியியல் பட்டங்களில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்தது, ஒரு பகுதியை ரத்தே செய்தது. பத்துப் பன்னிரண்டு வருடம் அந்தப் பட்டத்தை வைத்து வேலை பார்த்தவர்கள் எல்லாம் அதில் அடிபட்டார்கள். தொலைதூரத்தில் உங்களுக்குத் திறந்திருக்கும் வாசல் எம்.எஸ்சி., எம்.ஏ., பிஜி டிப்ளமோ, தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் ஒப்புதலோடு வரும் எம்பிஏ, அவ்வளவுதான்.

எங்கே சேர்வது என்றால், என் முதல் யோசனை இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1985இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம், எல்லைப் பிரச்சினை இல்லை, சென்னையிலும் மதுரையிலும் மண்டல மையங்கள் இருக்கின்றன. அங்கே சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்சி. இருக்கிறது, அறிவியல் பட்டதாரியான உங்களுக்கு அது பொருந்தும், ஆனாலும் தகுதி விவரத்தை அந்த வருடத்து ப்ராஸ்பெக்டஸில் பார்த்துவிடுங்கள். அது கனமாகத் தெரிந்தால் சுற்றுச்சூழலும் நிலைத்த வளர்ச்சியும் என்ற ஒரு வருட பிஜி டிப்ளமோ இருக்கிறது, எந்தப் பட்டம் இருந்தாலும் சேரலாம். "மேலாண்மை" என்ற சொல் பட்டத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். வேலைக்கு எடுப்பவர்கள் பலரும் "சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை" என்றுதான் கேட்கிறார்கள், பெயர் புதுமையாக இருந்தால் இரண்டும் சமம் என்று சான்று வாங்க அலைய வேண்டி வரும். இக்னோவில் சேராவிட்டாலும் அவர்களுடைய பாடப் புத்தகங்கள் ஈ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன் இரண்டு பாடத்தை இறக்கி, ஒரு மாதம் படித்துப் பாருங்கள். அந்த ஒரு மாதம் தாங்கவில்லை என்றால் இரண்டு வருடம் நிச்சயம் தாங்காது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் தொலைவழியில் இதைக் கொடுக்கின்றன, பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டியில் சுற்றுச்சூழல் மேலாண்மை என்ற பெயரிலேயே எம்.எஸ்சி. உண்டு, பாடம் நன்றாக இருக்கும். ஆனால் பவுண்டில் கட்டணம், கடன் இருக்கும் வீட்டில் அதைப் பேசுவதே பாவம்.

நேரக் கணக்கை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். தொலைதூரத்தில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. இரண்டு வருட முதுகலை பெரும்பாலும் 80 கிரெடிட் அளவில் இருக்கும், ஆக 2400 மணி நேரம். 104 வாரத்தால் வகுத்தால் வாரத்துக்கு 23 மணி நேரம், அதாவது ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எல்லாம் சேர்த்து நாள் ஒன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். ஷிப்ட் பார்க்கிறவனால் முடியுமா? பலருக்கு முடியாது. அதனால்தான் இரண்டு வருடப் படிப்பை நான்கு வருடம் வரை இழுத்து முடிக்க இக்னோ போன்ற இடங்களில் இடம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வருடம் என்று மனதில் வைத்துக்கொண்டு சேருங்கள், இரண்டில் முடிந்தால் சந்தோஷம். எனக்கு மூன்றரை வருடம் ஆனது. அதில் ஆறு மாதம் புள்ளியியல் பேப்பர் ஒன்றே தின்றது, இன்னொரு ஆறு மாதம் நான் படித்த இடம் (பெயர் வேண்டாம்) புத்தகக் கட்டைத் தேர்வு முடிந்த அடுத்த வாரம் அனுப்பி வைத்ததில் போனது. தபால்காரர் வேறு கையெழுத்து வாங்கும்போது "நல்லா படிங்க சார்" என்றார்.

அசைன்மென்டை அலட்சியம் செய்யாதீர்கள். மதிப்பெண்ணில் 30 சதவீதம் வரை அதற்குப் போகலாம், மீதி குறைந்தது 70 தேர்வுக்கு. இக்னோவில் அசைன்மென்ட் கொடுக்காமல் தேர்வு எழுதி நின்றவர்கள் ஏராளம், பேப்பர் பாஸ் ஆகியும் ரிசல்ட் முழுமையாகாது. யூடியூபில் "தீர்க்கப்பட்ட அசைன்மென்ட்" விற்கிறார்கள், வாங்கி அப்படியே எழுதினால் உங்களுக்குத்தான் நஷ்டம். கேள்வி "கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைகளை விளக்குக" என்று வந்தால் உங்கள் ஈடிபியையே வரைந்து எழுதுங்கள், பார்க்கிற ஆசிரியருக்கு அது நூறு காப்பிகளுக்கு நடுவில் தனியாகத் தெரியும். தேர்வு மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை: முதுகலையில் பாடமும் தேர்வும் பெரும்பாலும் ஆங்கிலம்தான். தமிழ் வழியில் படித்து வந்தவர் என்றால் பயப்பட வேண்டாம், விஷயத்தைத் தமிழில் யோசித்து, சின்னச் சின்ன வாக்கியமாக ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். படம், அட்டவணை, கணக்கு மூன்றும் மொழி பார்ப்பதில்லை.

இப்போது, இந்தப் படிப்பில் "மேலாண்மை" என்பது எங்கே வருகிறது? லேபில் நீங்கள் செய்வது அளவிடுவது. வெளியேறும் தண்ணீரில் பிஓடி 30க்குள், சிஓடி 250க்குள் (இரண்டும் ஆக்சிஜனை உறிஞ்சும் அழுக்கின் அளவு), டிடிஎஸ் என்ற கரைந்த உப்பு 2100க்குள் என்ற வரம்பு உங்களுக்கு மனப்பாடம். அந்த வரம்பு ஏன் வந்தது, அதற்கு யார் பணம் கொடுப்பது, மீறினால் யார் பதில் சொல்வது என்பது மேலாண்மை. உங்கள் ஊரை விடச் சிறந்த பாடப் புத்தகம் இதற்குக் கிடையாது. வேலூர் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றும், கேடு வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திருக்காமல் தடுக்க வேண்டும் என்றும் சொல்லி, இரண்டும் நம் சட்டத்தின் பகுதி என்றது. நொய்யலில் சாயத் தண்ணீர் ஓடி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகள் வழக்குப் போட்டு, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளே மூடிக் கிடந்தன. நீங்கள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பீர்கள். ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற முறையும், அதற்கான ஆர்.ஓ.வும், மிஞ்சும் உப்புத் தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரும், இன்று நீங்கள் வாங்கும் சம்பளமும் கூட அந்த வழக்கு வரிசையின் பின்விளைவுதான்.

அப்புறம் சாயம் ஏற்றச் சேர்க்கிற அந்த உப்பு. தண்ணீரை மீட்டுவிட்டோம், சோடியம் சல்பேட்டையும் முடிந்த அளவு மீட்டு மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்புகிறோம். கடைசியில் எதற்கும் ஆகாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டில் நிற்கிறதே, அதை எங்கே போடுவது? ஆற்றில் இருந்த பிரச்சினையை ஷெட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறோம், அதுவும் எவாப்பரேட்டருக்குக் கொடுக்கும் நீராவிக்கு எரிபொருளை எரித்து, காற்றில் புகையை விட்டு. தண்ணீர், கழிவு, காற்று மூன்றையும் ஒரே கணக்கில் போட்டுப் பார்ப்பதுதான் இந்தப் படிப்பு சொல்லித் தர வேண்டியது. உங்கள் ப்ராஜெக்டுக்கு நான் தலைப்புத் தருவதென்றால் இதைத்தான் தருவேன்: ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு உப்பு உள்ளே போகிறது, எவ்வளவு மீண்டு வருகிறது, எவ்வளவு மூட்டையில் நிற்கிறது, கணக்கில் வராமல் காணாமல் போவது எவ்வளவு. ஆறு மாத லாக் புக் போதும். அந்தக் கடைசி எண்ணைப் பார்த்து உங்களுக்கே தூக்கம் போகும்.

வேலைக்கு உதவுமா என்றால், பட்டத்தைக் காட்டியதும் சம்பளம் ஏறாது, இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். லேபிலிருந்து மேஜைக்கு நகர அது உதவும். நிறுவலுக்கும் இயக்கத்துக்கும் வாரியத்திடம் வாங்கும் இரண்டு கன்சென்ட் (அனுமதி), ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் 30க்குள் போக வேண்டிய சுற்றுச்சூழல் அறிக்கை, ஜூன் 30க்குள் போக வேண்டிய அபாயக் கழிவுக் கணக்கு, ஸ்லட்ஜை 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற விதி, இதையெல்லாம் இப்போது உங்கள் கம்பெனியில் யாரோ ஒரு கன்சல்டன்ட் வந்து செய்துவிட்டுப் பில் போடுகிறார் இல்லையா, அந்த இடம் உங்களுடையதாக வேண்டும். படித்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஃபைல்களை வாங்கிப் பாருங்கள். அதற்குப் பிறகு சுற்றுச்சூழல் மேலாண்மைத் தரமான ஐஎஸ்ஓ 14001க்கு லீட் ஆடிட்டர் பயிற்சி ஐந்து நாள், அது தனிச் செலவு, ஆனால் ஏற்றுமதிக் கம்பெனிகளில் அதைக் கேட்கிறார்கள். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2021இல் கொண்டுவந்த பிஆர்எஸ்ஆர் (தொழில் பொறுப்பு, நிலைத்தன்மை) அறிக்கை முதல் ஆயிரம் பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022-23லிருந்து கட்டாயமானது. உங்கள் முதலாளி அந்த ஆயிரத்தில் இல்லை, ஆனால் அவரிடம் துணி வாங்கும் பெரிய கம்பெனி தண்ணீர்க் கணக்கும் மின்சாரக் கணக்கும் கேட்க ஆரம்பித்திருக்கும். அந்தக் கணக்கைச் சரியாகப் போடத் தெரிந்த ஆள் பட்டறைகளில் குறைவு.

கன்சல்டன்சி பக்கம் போக ஆசை என்றால், 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் நிறுவனங்களுக்கு நேபெட் என்ற தர மதிப்பீட்டு அமைப்பின் அங்கீகாரம் வேண்டும், அதில் காற்று, நீர், திடக்கழிவு என்று துறைவாரியாக நிபுணர்களைக் காட்ட வேண்டும், அவர்களுடைய கல்வித் தகுதியையும் அனுபவ வருடத்தையும் எண்ணிப் பார்ப்பார்கள். உங்களுடைய ஈடிபி அனுபவம் அங்கே எண்ணிக்கைக்கு வரும். கல்லூரி ஆசிரியர் ஆக வேண்டும் என்றால் நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடமாக இருக்கிறது, பொதுப்பிரிவுக்கு முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், 54ல் முடித்துவிட்டு அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வேலைதான் குறி என்றால் அறிவிக்கையில் எந்தப் பட்டம் என்று எழுதியிருக்கிறதோ அதுதான் வேதம், பொறியாளர் பதவிக்கு எம்.எஸ்சி. செல்லாது. வளைகுடா போகும் எண்ணம் இருந்தால் அந்த நாடு தொலைதூரப் பட்டத்தை ஏற்கிறதா என்று சேர்வதற்கு முன் பாருங்கள், பின்னால் பார்த்துப் பயனில்லை. கம்பெனிகளில் ஈஎச்எஸ் (சுற்றுச்சூழல், உடல்நலம், பாதுகாப்பு) என்று மூன்று எழுத்துப் போட்டு விளம்பரம் வருமே, அதில் நடு எழுத்தும் கடைசி எழுத்தும் வேறு கதை. சேஃப்டி ஆபீசர் ஆகத் தனியாகப் பாதுகாப்பு டிப்ளமோ வேண்டும், இந்த முதுகலை அதற்கு ஈடாகாது.

கடைசியாக, முதலாளியிடம் சொல்லலாமா என்று கேட்டீர்கள். சொல்லுங்கள், ஆனால் சேர்ந்த பிறகு. ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு வரும், அந்த நாட்களில் லீவு கேட்டு மாமா செத்துவிட்டார் என்று எத்தனை தடவை சொல்வீர்கள்? அதைவிட முக்கியம் ப்ராஜெக்ட். பிளான்டின் எண்களை வெளியே கொண்டுபோகிறான் என்று அவருக்குச் சந்தேகம் வந்தால் படிப்பு மட்டுமல்ல, வேலையும் போகும். 2011ஐப் பார்த்த முதலாளிகளுக்கு அந்தப் பயம் இன்னும் இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. கம்பெனி பெயர் போடாமல் எழுதுகிறேன், முடித்ததும் உங்களுக்கு ஒரு பிரதி தருகிறேன், எந்த இடத்தில் உப்பும் தண்ணீரும் வீணாகிறது என்று உங்களுக்கே தெரியும் என்று சொல்லி, தலைப்பை அனுப்புவதற்கு முன்னாலேயே ஒரு தாளில் அனுமதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நான் வாங்காமல் ஆரம்பித்துவிட்டுப் பாதியில் தலைப்பை மாற்றினேன், அந்த மூன்றரை வருடத்தில் நான் மேலே கணக்குச் சொல்லாத மீதி ஆறு மாதம் அங்கேதான் போனது.